நீ நடந்த பத்தொன்பதாயிரம் அடிகள்

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை காலை நீயும் ஷைனியும் ஐதராபாத் கிளம்புகிறீர்கள். நேற்று வந்து புது வேலைக்கான கடிதத்தைக் காட்டினாய். போகும்போது வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "சாரிம்மா, உன்னைத்தான் ரொம்ப ஏமாத்திட்டேன்" என்றாய். இதோடு ஆறாவது முறை. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆறு முறையும் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ கேட்டுப் பேச்சை மாற்றினேன். அம்மா பெருந்தன்மையாக விட்டுவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். அது பெருந்தன்மை இல்லை. உனக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு உன் மன்னிப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் வாய் வரை வந்து திரும்பிப் போயிற்று. முப்பத்திரண்டு வருடம் செய்தி எழுதியே பிழைத்தவளுக்கு எதையும் எழுதினால்தான் வரிசையாக வரும். அதனால் எழுதுகிறேன். நீ இந்த ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

அப்பா போன மதியத்திலிருந்து தொடங்குகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரை நாலு மணிக்கு டீக்கு எழுப்பினேன். எழவில்லை. அந்த நேரம் முழுவதும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் உன் மனசில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. வருடம் திரும்பியதும் நீ ஒரு சின்னப் பெட்டியோடு லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்தாய். அதில் கறுப்புப் பட்டை போட்ட வாட்ச் இருந்தது. இதயத் துடிப்பு, தூக்கம், நடை எல்லாம் உன் போனில் தெரியும் என்றாய். "அன்னைக்கு அப்பா கையில இது இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்மா" என்றாய். தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டபோது அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்த பிறகு அதைக் கட்டமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். நீ மட்டும் என்னைப் பார்ப்பதென்றால் அது ஹாஸ்டல் வார்டன் வேலை. நானும் உன்னைப் பார்ப்பேன், சம்மதமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே உன் கையிலும் ஒன்று வாங்கிக் கட்டி, இரண்டு போனையும் ஒன்றுக்கொன்று பார்க்கும்படி செய்துவிட்டுப் போனாய். இதை நினைவில் வைத்துக்கொள். உன் எண்கள் என் போனுக்கு வந்தது நான் கேட்டதால்தான்.

முதல் ஆறு மாதம் அந்த வாட்ச் எனக்கு நல்லதே செய்தது. அதை மறைத்தால் நான் நேர்மையான ரிப்போர்ட்டர் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவள். ஒரு நாளில் எண்ணூறு அடிதான் நடந்திருக்கிறேன் என்று அது முதல் நாளே காட்டியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. எண்ணூறு அடி என்பது சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையில்தான். மறுநாள் பார்க்குக்குப் போனேன். மூன்று மாதத்தில் ஆறாயிரம் வந்தது. உட்கார்ந்திருக்கும்போது எண்பத்தெட்டு அடித்துக்கொண்டிருந்த இதயம் எழுபத்தைந்துக்கு இறங்கியது. மாடிப்படியில் முழங்கால் பிடிப்பது குறைந்தது. பார்க்கில் எனக்குச் சினேகிதியும் கிடைத்தார். சரோஜம்மாவை உனக்குத் தெரியும். ஆஸ்டின் டவுனில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். என்னை ரிப்போர்ட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். நடை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் கணக்கைப் படிப்போம். பரீட்சை மார்க் மாதிரி. சரோஜம்மா வாட்ச் கட்டுவதில்லை. "என் காலுக்கு நான் எவ்வளவு நடந்தேன்னு தெரியும், அதுக்கு வேற ஆளா வைக்கணும்?" என்பார்.

அந்த பெஞ்சில் நான் என் மார்க்கைவிட உன் மார்க்கைத்தான் அதிகம் படித்தேன். அதுவரை உன் கணக்கு மூவாயிரத்தைத் தாண்டியதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அவ்வளவுதான் வரும் என்று விட்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை பதினாலாயிரம் வந்தது. மறுநாள் பதினாறாயிரம். அந்த வெள்ளிக்கிழமை பத்தொன்பதாயிரத்தைத் தொட்டாய். நான் பூரித்துப்போனேன். அப்பாவின் சாவிலிருந்து பாடம் கற்றுக்கொண்டான், உடம்பைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் உனக்கு ஒரு வரி அனுப்பினேன். "19,214! சூப்பர் கண்ணா." நீ ஒரு சிரிக்கிற முகத்தை மட்டும் பதிலுக்கு அனுப்புவாய். தூக்கம் மூன்று மணி நேரம், மூன்றரை மணி நேரம் என்று காட்டியதையும் பார்த்தேன். போனை நோண்டாமல் சீக்கிரம் படு என்று அதற்கும் ஒரு வரி அனுப்பினேன். நாலு மாதம் இப்படியே போயிற்று.

ஒருநாள் காலை பெஞ்சில் நான் உன் எண்ணைச் சொன்னபோது சரோஜம்மா கைவிரலை மடக்கி ஏதோ யோசித்தார். பிறகு, "ஏங்க ரிப்போர்ட்டரம்மா, உங்க பையன் ஆபீஸ்ல என்ன, டிக்கெட் கிழிக்கிறானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தவள் நான், அதற்கே இவ்வளவு வருமா என்று சந்தேகம், உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டார். காலையில் எழுந்து நடப்பான் என்று சொன்னேன். சொல்லும்போதே நான் அதைப் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ மூன்றாவது படிக்கும்போது நான் ஒரு வார்டு அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டைப் பற்றி எழுதினேன். துப்புரவுத் தொழிலாளர்கள் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்ததாகப் பதிவேடு சொன்னது. எல்லா நாளும் எல்லாக் கட்டத்திலும் கைநாட்டு. மற்றவர்கள் மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஒரு நாளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அன்று பெய்த மழையில் அந்த வார்டே முழங்கால் தண்ணீரில் நின்றது. பஸ் ஓடவில்லை. அன்றைக்கும் எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த ஒரு நாளைப் பிடித்துத்தான் மற்ற பொய்க் கைநாட்டு எல்லாவற்றையும் வெளியே இழுத்தேன். மொத்தத்தைப் பார்க்காதீர்கள், எந்த நாள், எந்த மணி என்று பாருங்கள் என்று பிறகு ஆபீஸில் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சலித்தவள் நான். என் சொந்த மகன் விஷயத்தில் நாலு மாதம் மொத்தத்தை மட்டும் படித்துக் கைதட்டிக்கொண்டிருந்தேன். நல்ல செய்தி என்று மனசு முடிவு செய்துவிட்டால் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

வீட்டுக்கு வந்து உன் நாளைத் திறந்து மணி மணியாகப் பார்த்தேன். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஒன்றுமில்லை. பத்தேகாலுக்கு நடை தொடங்குகிறது. ஒரு மணி வரை விடாமல் போகிறது. அரை மணி இடைவெளி. மறுபடி ஐந்தரை வரை. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். சனி, ஞாயிறு மட்டும் பழைய மூவாயிரம். உடம்புக்காக நடக்கிறவன் விடுமுறையில்தானே அதிகம் நடப்பான்? ஆபீஸ் நேரத்தில் மட்டும் நடக்கிறவன் ஆபீஸில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் அந்தப் பதினாலாயிரம் வந்த திங்கட்கிழமையில் போய் நின்றது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். உனக்கு போன் போட்டு, எங்கேடா இருக்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எலுமிச்சை சாதம் கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சிவாஜிநகர் போய் பஸ் மாறி எலக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டப்பா சாக்கு. உள்ளே போக ஒரு காரணம் வேண்டும் என்பது என் பழைய தொழில் புத்தி. உன் ஆபீஸ் வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளை. டப்பாவைப் பார்த்ததும் இளகிவிட்டான். உள்ளே போன் செய்து உன் பெயரைச் சொன்னான். இரண்டாவது முறை எழுத்து எழுத்தாகச் சொன்னான். பிறகு போனை வைத்துவிட்டு, அந்தப் பெயர் இப்போது லிஸ்டில் இல்லை, அந்தப் பிரிவையே மூடி நாலு மாதம் ஆகிறதாம் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கொஞ்சம் தண்ணீர் கொடுத்தான். வெயிலில் நிற்காதீங்கம்மா என்றான்.

பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு இருபது. உனக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது, பிரபு. எதிர்ப் பக்க சர்வீஸ் ரோட்டில் நீ வந்துகொண்டிருந்தாய். நீலக் கட்டம் போட்ட சட்டை, இன் பண்ணியிருந்தாய். தோளில் லேப்டாப் பை. கழுத்தில் ஆபீஸ் டேக். வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. எங்கேயோ போக வேண்டியவன் மாதிரியே நடந்தாய். ஒரு டீக்கடையைத் தாண்டும்போது அங்கே இருந்தவர்கள் பக்கம் திரும்பாமல் போனாய். என்னிடமிருந்து நாற்பது அடி இருக்கும். நான் எழுந்து பிரபு என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாய். கூப்பிடவில்லை. கழுத்தில் தொங்கிய அந்த டேக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஃபிளைஓவர் தூண் வரை போய், திரும்பி, மறுபடி என் எதிரில் நடந்து போனாய். இரண்டாவது முறையும் கூப்பிடவில்லை. சிவாஜிநகர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். டப்பாவை அந்த ஸ்டாப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பது லிங்கராஜபுரத்தில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். நடு ரோட்டில் உன்னை அவமானப்படுத்தக் கூடாது, நீயாகச் சொல்லட்டும், கொஞ்சம் பொறுப்போம். இவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மிச்ச உண்மை இது: நான் பயந்தேன். கூப்பிட்டால் நீ அழுவாய், அதைப் பார்க்க வேண்டிவரும் என்று பயந்தேன். செய்தி உறுதியானதும் இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது ரிப்போர்ட்டருக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் ஒளிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் உன்னை வாட்சில் பார்த்தேன். மணிக்கொரு முறை போனைத் திறப்பேன். நடக்கிறான், சரி. உட்கார்ந்துவிட்டான், துடிப்பு எண்பது, சரி. சாயங்காலம் வழக்கம்போல சூப்பர் என்று அனுப்பினேன். ஆமாம், தெரிந்த பிறகும் அனுப்பினேன். நிறுத்தினால் உனக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். இந்தப் பதினோரு நாளில் என் கணக்கிலும் ஒரு பொய் இருந்தது. உன்னைப் பார்க்கப் போவதற்கு முந்தின வாரமே என் வாட்ச், இதயத் துடிப்பு சீராக இல்லை, டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு செய்தி காட்டியது. நாலு நாள் கழித்து மறுபடி. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஓடிவருவாய் என்று முதலில் மறைத்தேன். உனக்கு வேலையே இல்லை என்று தெரிந்த பிறகு, இருக்கிற கவலை போதாதா என்று மறைத்தேன். ஐந்து மணிக்கு வாட்சைக் கழற்றி வைத்துவிடுவேன். நீ ஒருநாள், சாயங்காலம் என் கணக்கு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டாய். சார்ஜ் போட்டிருந்தேன் என்று சொன்னேன்.

பன்னிரண்டாவது நாள் உனக்கு நினைவிருக்கும். காலை பதினொன்று நாற்பதுக்கு உன் இதயத் துடிப்பு நூற்று முப்பத்திரண்டு. நடை இல்லை, ஒரே இடத்தில் இருக்கிறாய். அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. பன்னிரண்டுக்கு வரவில்லை. பன்னிரண்டரைக்கு போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். வேறு யாராக இருந்தாலும் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. சார்ஜ் என்பது நான் சொல்லிவந்த பொய் அல்லவா? அதை நான் நம்பத் தயாராக இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவும் அந்த ஒரு மணி நேரமும்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஷைனிக்கு போன் போட்டேன். அவள் நிதானமாக, ஆபீஸ் நம்பருக்குப் பேசிப் பார்க்கட்டுமா அத்தை என்று கேட்டாள்.

"அவன் ஆபீஸ்ல இல்லம்மா. நாலு மாசமா இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் வகுப்பை விட்டு வாசலுக்கு வருவதும் பிள்ளைகள் சத்தம் தேய்வதும் கேட்டது. பிறகு ஷைனி கேட்டாள், "உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?" வாட்சில் தெரிந்தது என்று சொன்னேன். அது பாதி உண்மை. அந்தப் பாதியைத்தான் நீங்கள் இருவரும் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆட்டோ பிடித்து ஹெப்பகோடியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன், ஷைனியும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூன்று மணிக்கு நீ உயிரோடு படியேறி வந்தாய். இன்டர்வியூவுக்குப் போயிருந்தாய், போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், போன் பக்கத்தில் இல்லாததால் வாட்சின் கணக்கு எங்கேயும் போகவில்லை. அந்த நூற்று முப்பத்திரண்டு, போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் காத்திருந்தபோது வந்த பதற்றம். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் நான் உன் வீட்டை உடைத்துவிட்டேன். நீயே ஷைனியிடம் சொல்ல வேண்டியதை, உனக்கு முன்னால், வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன். அவள் உன்னைத் திட்டவில்லை. "கையில கட்டினதுக்குத் தெரியுது, வீட்ல கட்டிக்கிட்டவளுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் உன்னோடு பேசவில்லை என்று நீதான் சொன்னாய். அந்த ஒன்பது நாளில் பெரும்பங்கு எனக்குச் சேர வேண்டியது.

வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று அன்று கேட்டேன். பத்து மணிக்கு மேல் மாடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் கீழ்வீட்டுக்காரர் சாயங்காலமே ஷைனியிடம் கேட்டுவிடுவார் என்றாய். டீக்கடையில் இரண்டாவது டீக்கு மேல் உட்கார முடியாது, பூங்கா பெஞ்சில் பேன்ட் சட்டையோடு தனியாக உட்கார்ந்தால் பார்க்கிறார்கள் என்றாய். ஆபீஸ் கொடுத்தனுப்பிய பணத்தை மாதாமாதம் சம்பளம் மாதிரி ஷைனியிடம் கொடுத்தேன் என்றாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நடக்கிறவனை யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கம்மா. நீ வேற தினம் சூப்பர்னு போடுவ. ஒருத்தராவது சந்தோஷமா இருக்காங்களேன்னு மறுநாளும் நடப்பேன்" என்றாய். உன்னைக் கூப்பிடாமல் பஸ் ஏறியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஷைனி சமையலறையில் இருந்தாள். நாம் இருவர்தான் இருந்தோம். சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். இனிமேல் நீ யாரிடமாவது சாரி சொல்ல வேண்டுமென்றால் ஷைனியிடம் சொல். என்னிடம் வேண்டாம். பதினோரு நாள் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உன்னிடம் பேசாமல் இருந்தவள் நான்.

உன் கழுத்து டேக்கைப் பார்த்ததும் நான் ஏன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தங்கவயலில் என் அப்பாவுக்கு, உன் தாத்தாவுக்கு, ஒரு பித்தளை டோக்கன் இருந்தது, கட்டை விரல் அகலம், அதில் அவருடைய நம்பர். சுரங்கத்துக்குள் இறங்கும்போது எடுத்துக்கொண்டு போவார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் விளக்கு அறைப் பலகையில் மாட்டுவார். உள்ளே பாறை வெடித்துச் சங்கு ஊதினால் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த பெண்களெல்லாம் கேட்டுக்கு ஓடுவார்கள். டைம்கீப்பர் பலகையைப் பார்த்து நம்பர் நம்பராகச் சொல்வார். டோக்கன் மாட்டியிருந்தால் ஆள் மேலே வந்தாயிற்று. என் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். எல்லா முறையும் அவருடைய டோக்கன் பலகையில் இருந்தது. ஐம்பத்தோரு வயதில் தூசி அடைத்த நுரையீரலோடு மூச்சுக்குத் தவித்துப் போனார். மேலே வந்துவிட்டார் என்று மட்டும்தான் பலகைக்குத் தெரியும். எப்படி வந்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாரா என்று தெரியாது. ஆனால் கேட்கவில்லை.

அதற்காக வாட்சைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லப்போவதில்லை. நீயும் ஷைனியும் கட்டிக்கொள்ளுங்கள். அது பார்ப்பதை ஒழுங்காகத்தான் பார்க்கிறது. உன் நடையை அது சரியாகவே எண்ணியது, நீ சரியாக இல்லை என்பதை உன் தூக்கத்தில் தினமும் காட்டியது. படிக்கத் தெரியாதது எனக்குத்தான். ஐதராபாத்தில் ஷைனியின் எண்களை நீ பார்த்தாலும், உன் எண்களை அவள் பார்த்தாலும், பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். இன்றைக்கு ஏன் குறைவு என்று கேளுங்கள். அதிகமாக இருந்தாலும் கேளுங்கள். அதிகமாக இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். கேட்கிற குரலில் மேஸ்திரித்தனம் இல்லாமல் பார்த்துக்கொள். நான் அனுப்பிய அந்த சூப்பர்கள் கேள்வி மாதிரியே இல்லை, அதுதான் அவற்றின் கோளாறு. பதில் சொல்ல உனக்கு இடமே வைக்கவில்லை.

என் பங்குக்கு இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ஒன்று, உன் கணக்கைப் பார்ப்பதை என் போனில் நிறுத்திவிட்டேன். நேற்று நீ போன பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டுச் செய்தேன். உன் வாட்ச் இனி உனக்கும் ஷைனிக்கும். எனக்குத் தெரிய வேண்டியதை நான் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நல்லா இருக்கேன்மா என்று நீ சொன்னால் அதோடு வைக்கமாட்டேன். மத்தியானம் எங்கே சாப்பிட்டே, யாரோட சாப்பிட்டே என்று கேட்பேன். தொந்தரவாகத்தான் இருக்கும். என் கணக்கை உனக்குத் திறந்தே வைத்திருக்கிறேன், சாயங்காலம் ஐந்து மணியையும் சேர்த்து.

இரண்டாவது, திங்கட்கிழமை டாக்டரிடம் போனேன். சரோஜம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாட்ச் காட்டிய செய்திகளைப் போனில் திறந்து கொடுத்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இது சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் சொன்ன அன்றே வந்திருக்க வேண்டும் என்று கோபித்துக்கொண்டார். நெஞ்சில் ஒட்டி ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்கிற கருவி ஒன்றைப் பொருத்தி அனுப்பினார். அதன் ரிப்போர்ட் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. மருந்தோடு போகுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்பது அன்றைக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து யாராவது கூட வரட்டும் என்றார். யாரும் இல்லை, தனியாகவே வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. மகன் வருவான் என்று சொன்னேன்.

பெட்டி கட்டுகிற அவசரத்தில் இருப்பாய். இருந்தாலும் சனிக்கிழமை வா. கிளினிக் நம் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது, பேக்கரிக்கு மாடியில். ஹெப்பகோடியிலிருந்து வருகிற நீ எதிர்ப் பக்க ஸ்டாப்பில்தான் இறங்குவாய். நான் பத்தரைக்கே கீழே வந்து நிற்பேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கி நாலு அடி நடப்பதற்குள் பிரபு என்று கூப்பிடுவேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தாலும் சரி, நீ திரும்பும் வரை கூப்பிடுவேன்.

அம்மா